அடைப்புக்குறிக்குள் எந்த ஊர்

1

பவானியின் ஆண்டுத் திவசம் வருகிறது. பவானி என் மனைவி. அவளுடைய அண்ணன் சிவநேசன், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், போன கிழமை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும், போன வருடத்து மரண அறிவித்தலையே எடுத்துப் படத்தையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது என்றார். பிறகு கொஞ்சம் இழுத்து, "துளசிக்குப் பக்கத்திலை அடைப்புக்குறிக்குள்ளை என்ன போடுறது மச்சான்?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றும். எங்கள் ஆட்களின் அறிவித்தல்களை நீங்களும் வாசித்திருப்பீர்கள். இறந்தவருக்கு நாலு வரி. மிச்சம் முழுக்க உறவுக்காரரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர். கனடா, பிரான்ஸ், நோர்வே, யாழ்ப்பாணம். பிள்ளை பெயர் சொல்லக்கூடிய இடத்தில் படித்தால் அந்த இடமும் உள்ளே போகும். செத்தவீட்டு அறிவித்தலிலும் பிள்ளையின் படிப்பைப் போடாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் செமிக்காது. நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன். இப்போது என் வீட்டில் ஒரே பிள்ளை, ஒரே அடைப்புக்குறி, அதற்குள் எதை வைப்பது என்று தெரியாமல் ஒரு கிழமையாகச் சாப்பாடு இறங்கவில்லை.

2

துளசி எங்கள் ஒரே மகள். கணக்கில் கெட்டிக்காரி. லண்டனில் ஒரு பெரிய கல்லூரியில் கணிதம் படிக்க ஆசைப்பட்டாள். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்லப்போவதில்லை. அந்தக் கல்லூரியின் பெயரால் எங்கள் வீட்டில் பட்ட பாடு போதும். ஒரு பாடத்தில் ஒரு படி குறைந்ததால் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. வடக்கே தூரத்தில் இருக்கும் லீட்ஸ் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, போனாள்.

விக்டோரியா பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றிவிடப் போனபோது பவானி ஒரு பை நிறைய மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தாள். உடுப்பெல்லாம் மணக்கும் என்று துளசி திருப்பித் தந்தாள். திரும்பி வரும்போது சுரங்க ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே பவானி எங்கள் வீடு இருக்கும் ஹவுன்ஸ்லோ வரைக்கும் வந்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் தும்மிக்கொண்டே வந்தார்.

மழைக்காலம் தொடங்க பவானிக்கு நோய் என்று கண்டுபிடித்தார்கள். எந்த நோய் என்று சொல்லத் தேவையில்லை, நீங்கள் நினைப்பதுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கம்பனியில் வேலை செய்கிறேன். என் ஆங்கிலம் தட்டுக்கும் தள்ளுவண்டிக்கும் போதும். பவானி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். அவளுடைய ஆங்கிலம் உருளைக்கிழங்குக்குப் போதும். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தாலும், உதவிப்பணம் தரும் பெனிபிட் கந்தோரில் வரிசையில் நின்றாலும், வைத்தியரிடம் போனாலும் எங்களுக்காகக் கதைத்தவள் துளசிதான். ஏழு வயதில் எங்கள் வாயாக மாறினாள். மற்றப் பிள்ளைகள் பூங்காவில் விளையாட, அவள் வாடகைப் பாக்கி பற்றிக் கவுன்சில்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

துளசி லீட்ஸில் இருக்க நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய வைத்தியர் பவானியின் கையைப் பிடித்து நிறையச் சொன்னார். அதில் 'கம்போட்டபிள்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. அவளை வசதியாக வைத்துப் பார்ப்போம் என்கிறார், நல்ல கட்டில் தரப்போகிறார்கள் போல என்று பவானியிடம் சந்தோசமாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். பின்னேரம் துளசிக்குத் தொலைபேசியில் அதையே சொன்னேன். அந்தக் கிழமை முடிய அவள் வந்து என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், அந்தச் சொல்லை இந்த நாட்டு வைத்தியர்கள் எப்போது சொல்வார்கள் என்று விளங்கப்படுத்தினாள். தாய்க்கு விளங்கப்படுத்தவில்லை.

3

மார்கழி நத்தார் விடுமுறையில் வந்தபோது துளசி சொன்னாள், லண்டனுக்கு மாறிவரப் போகிறேன் என்று. இரண்டாம் வருடத்துக்கு அதே பெரிய கல்லூரியில் இடம் கேட்கப்போகிறாள். இடம் கிடைத்தால் வீட்டில் இருந்தே படிக்கலாம், தாயோடு இருக்கலாம். எங்களுக்கு அப்போது இருந்த நம்பிக்கை எல்லாம் அதுதான்.

ஊரில் கந்தோர் மாற்றம் எடுப்பது போல ஒரு விசயம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். இப்போது படிப்பிக்கிறவர்களே, இந்தப் பிள்ளையை விடுகிறோம், நல்ல பிள்ளை என்று எழுதித் தர வேண்டும். மாறி வருகிறவர்களை அந்தக் கல்லூரி எடுப்பதே அபூர்வமாம். ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்.

அம்மாவின் நிலைமையை எழுது என்று நான் சொன்னேன். துளசி மறுத்துவிட்டாள். "பாவம் பாத்து எடுக்கிற இடமில்லை அப்பா. கணக்கைப் பாத்துத்தான் எடுப்பினம்."

கட்டிலில் இருந்து பவானியும் அவள் பக்கம் சேர்ந்தாள். "என்ரை வருத்தத்தை ஏன் ஊர் உலகத்துக்கு எழுதோணும்? பிள்ளை தன்ரை கெட்டித்தனத்தை எழுதட்டும்."

ஆக, அந்தப் பக்கம் முழுக்கக் கணிதம்தான் இருந்தது. உண்மையான காரணம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். முடிவு வரும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று பவானி என்னிடம் சத்தியம் வாங்கினாள். தன் அண்ணனுக்கும் சொல்ல விடவில்லை.

பிறகு காத்திருப்பு. முடிவு இணையத்தில்தான் வருமாம். துளசி தன் பழைய மடிக்கணினியைத் தாய்க்குப் பக்கத்தில் வைத்து, எதை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு லீட்ஸுக்குப் போனாள். பவானி வாழ்க்கையில் கணினி தொட்டது அதற்காகத்தான். நாளுக்கு ஒருதடவை திறந்து பார்ப்பாள். அங்கே, இன்னும் முடிவில்லை என்று ஒரே ஒரு வசனம் இருக்கும். அதை முழுதாக வாசிக்க அவளுக்குத் தெரியாது, ஆனால் அதன் முகம் தெரியும். நான் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, "இண்டைக்கும் அதே வசனம்தான்" என்பாள்.

கொஞ்சம் நடக்கக்கூடியதாக இருந்த ஒரு நாள் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். ஹவுன்ஸ்லோவில் இருந்து அது லண்டனின் மற்றக் கரை. இரண்டு ரயில் மாறிக் கூட்டிப்போனேன். நாற்காலியில் இருத்தி, துளசியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்தேன். வெளியே வந்து, என்ன கேட்டாய் என்றேன். "ஓமோ இல்லையோ, கெதியாச் சொல்லட்டும்" என்றாள்.

மாசி மாதம் துளசியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அது முடிந்து நேரே, பவானியை அப்போது வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு பேராசிரியர்கள் பலகையில் ஒரு கணக்கை எழுதி, செய் என்று விட்டுவிட்டார்களாம்.

"விடை வந்ததே?" என்று பவானி கேட்டாள்.

"பாதிதான் அம்மா."

"பாதி காணும்" என்று சொல்லி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பிறகு காணவில்லை.

4

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் பவானி போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். துளசி வந்துகொண்டிருந்தாள், பேருந்தில். கணினியில் அன்றைக்கும் அதே வசனம்தான் இருந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த நாட்டில் செத்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். சுடலைக்கு நாள் கிடைக்க ஒரு கிழமைக்கு மேல் ஆனது. அதுவரை வீடு நிறையச் சனம். துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் சிவநேசனின் கடையில் இருந்து பெரிய பிளாஸ்க்குகளில் தேநீர் வரும். துளசி அதைக் கோப்பைகளில் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிணத்தை எடுக்கும் கம்பனியோடும், பதிவுக் கந்தோரோடும் அவள்தான் கதைக்க வேண்டியிருந்தது.

குசினியில் தமிழ் வானொலி போய்க்கொண்டிருந்தது. பின்னேர அறிவித்தலில் பவானியின் பெயர் வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் லண்டன் ஹவுன்ஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட, என்று அந்தப் பெண் குரல் ஆற அமர வாசித்தது. அன்பு மகள், அன்பு மனைவி, எல்லாம் சரியாக வந்தது. பிறகு, துளசியின் பாசமிகு தாயாரும் என்பதற்கு முன்னால், அந்தப் பெரிய கல்லூரியின் பெயரைச் சொல்லி, அதன் கணித மாணவி என்றது.

சனத்துக்குள் ஒரு சலசலப்பு. ஒரு அன்ரி துளசியைக் கட்டிப்பிடித்து அழுதபடியே, அந்தக் கல்லூரியிலையே படிக்கிறாய், கெட்டிக்காரி, அம்மா குடுத்து வைச்சவ என்றார். துக்கமும் வாழ்த்தும் ஒரே மூச்சில் வந்தன. துளசி கையில் இருந்த தட்டத்தை மெதுவாக மேசையில் வைத்தாள்.

எனக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் சிவநேசன். அவரைக் கார் நிறுத்தும் கராச்சுக்குள் கூட்டிப்போய், வராத முடிவை எப்படிப் போட்டீர்கள், என் மனைவியின் பிணத்தை வைத்துப் புளுக வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் திகைத்துப் போனார். "பவானிதான் யாழ்ப்பாணத்திலை அக்காவுக்குச் சொன்னவள். அக்கா எனக்குச் சொன்னவ. நான் என்ன கனவே கண்டனான்?"

எனக்கு நம்ப முடியவில்லை. என்னிடம் சத்தியம் வாங்கியவள் அவள். கண்ணூறுக்குப் பயந்தவள், சாகக் கிடந்துகொண்டு தமக்கைக்குப் பெருமை அடித்தாளா? அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. செத்தவள் மேல் கோபப்படுவது போல அந்தரம் வேறில்லை, திருப்பிப் பேச ஆளில்லை.

கராச் வாசலில் துளசி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா பெருமைக்குச் சொல்லேல்லை அப்பா" என்றாள். ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னதை நான் தமிழில் தருகிறேன். "ஒருநாள் பெரியம்மா போனிலை அழுதவ. உன்ரை மனுசன் வேலைக்குப் போக உன்னோடை ஆர் நிக்கினம், தனியக் கிடக்கிறியே எண்டு. அம்மா சொன்னா, துளசிக்கு அந்தக் கல்லூரி கிடைச்சு லண்டனுக்கே மாறி வந்திட்டாள், என்னோடைதான் நிக்கிறாள் எண்டு. நான் அண்டைக்குத்தான் லீட்ஸிலை இருந்து வந்து, மாடிப் படியிலை நிண்டனான். இறங்கி வந்தால் அம்மா வெக்கப்படுவா எண்டு திரும்பி மேலை போயிட்டன்."

சிவநேசன் ஒரு அரிசி மூட்டைக்கு மேலே குந்திவிட்டார். அது சண்டையால் ஏ-ஒன்பது பாதை மூடிக் கிடந்த காலம். அக்காவால் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கே வர வழியில்லை, லண்டனுக்கு எங்கே வருவது. தொலைபேசியில் அழுவதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய ஏலாது என்று பவானிக்குத் தெரியும்.

5

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் கிழமை அந்த வசனம் மாறியது.

துளசி பவானியின் கட்டிலில் இருந்துகொண்டு கணினியைத் திறந்தபோது நானும் நின்றேன். இடம் தருகிறார்கள். முதலாம் வருடச் சோதனையில் அவர்கள் கேட்ட புள்ளி வந்தால் போதும். அந்தப் புள்ளியை அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும் என்று வாய்க்கு வந்துவிட்டது. துடக்கு வீடு, கோயில் வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது பிறகுதான் நினைவு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சந்தோசம் எனக்காகத்தான். பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறாள், பின்னேரத்தில் யாரோ ஒருவர் விளக்கைப் போட்டு வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

துளசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்புக்குறி, வேண்டாம் என்ற பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நான் கேட்டது அம்மாவோடை இருக்கத்தான் அப்பா."

"நான் இருக்கிறன்தானே" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரல்.

அவள் அப்போதுதான் அழுதாள். தாய் செத்ததில் இருந்து அதுதான் முதல் அழுகை. "தெரியும் அப்பா. ஆனா இந்த வீட்டிலை நான் ஆஸ்பத்திரியோடை கதைக்கிற ஆள். அங்கை போனால்தான் நான் படிக்கிற பிள்ளை. எனக்கு இஞ்சை இருக்க ஏலாது."

மறுத்துப் பேச அதில் எதுவும் பிழையாக இல்லை. அவள் அழுத்தினாள். மிகச் சின்னச் சத்தம் ஒன்று வந்தது. லண்டனில் எத்தனையோ பிள்ளைகள் கனவு காணும் இடம் எங்கள் வீட்டுக் கட்டிலில் வந்து, ஒரு தேநீர் ஆறுவதற்குள் திரும்பிப் போனது.

6

துளசி இப்போது லீட்ஸில் இரண்டாம் வருடம். தொலைபேசி எடுத்தால் அன்பாகத்தான் கதைக்கிறாள். 'அப்பா' என்ற சொல் மட்டும் தமிழில் வரும், மிச்சம் ஆங்கிலம். எனக்குப் பாதி விளங்கும், விளங்காத பாதிக்கு ஓம் போடுவேன். பொங்கலுக்கு வந்து ஒரு இரவு நின்றாள். அதற்குப் பிறகு வரவில்லை.

நான் வேலைக்குப் போய் வருகிறேன். கொழும்பு விமானத்துக்குரிய தட்டுகள் என் கைக்கு வரும் நாட்களில் கொஞ்சம் கவனமாக அடுக்குகிறேன், ஏனென்று தெரியாது. மிளகாய்த்தூள் பை இன்னும் குசினி அலுமாரித் தட்டில் இருக்கிறது. அதில்தான் சமைக்கிறேன்.

சிவநேசன் திரும்பக் கூப்பிட்டார். போன வருடம் இருந்ததை அப்படியே விடுவோம் என்பது அவருடைய எண்ணம். லீட்ஸ் என்று போட்டால் அக்கா வாசிப்பார். ஏன் லீட்ஸ் என்று யோசிப்பார். கடைசிக் காலத்தில் தங்கச்சி பகல் முழுக்கத் தனியாகத்தான் கிடந்தாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "பவானி மறைச்சதை நாங்கள் ஏன் மச்சான் உடைப்பான்?" என்றார்.

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் துளசி அந்தப் பத்திரிகையைப் பார்ப்பாளே. வேண்டாம் என்று விட்ட இடத்தைத் தாயின் படத்துக்குக் கீழே அவளுடைய தலையில் திரும்பவும் எப்படிக் கட்டுவது? இரண்டு நாள் முழுசிவிட்டு, தொலைபேசி அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா அதைப் பத்திரிகையில் வாசித்து அறிவதை விட, நானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

யாழ்ப்பாணத்துக்கு இணைப்புக் கிடைக்க நேரமெடுத்தது. நலம் விசாரித்து முடிய, நான் எழுதி வைத்து ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தேன். அக்கா, துளசி லண்டனுக்கு மாறி வரவில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை, லீட்ஸில்தான் படிக்கிறாள், பவானி உங்களுக்குச் சொன்னது நடந்த விசயமில்லை என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. பிறகு அக்கா சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. உங்கடை வீட்டிலை போன் எடுத்தால் மேலாலை பிளேன் போற சத்தம் கேக்கும். கேத்தில் கொதிக்கிறதும் கேக்கும். துளசியின்ரை குரல் ஒருநாளும் கேக்கேல்லை. பிள்ளை பக்கத்திலை நிண்டால் ஒருக்காலாவது போனை வாங்கிப் பெரியம்மா எண்டிருப்பாள்தானே. அவள் சொல்லச் சொல்ல நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். நான் நம்பீட்டன் எண்டு அவள் நினைச்சால்தானே அவளுக்கு நிம்மதி."

ஒரு விமானம் எங்கள் கூரைக்கு மேலால் இறங்கிப் போனது. அட்டையில் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் இடையில் சொன்னது.

"லீட்ஸ் எண்டே போடுங்கோ" என்றார் அக்கா. பிறகு, "இப்ப உங்களோடை ஆர் தம்பி நிக்கினம்?" என்று கேட்டார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பவானியின் கட்டிலில் மடித்து வைத்த போர்வை. குசினியில் என் ஒரு கோப்பை.

"துளசி ஒவ்வொரு கிழமையும் வாறவள் அக்கா" என்றேன். "இப்பவும் கடைக்குப் போயிட்டாள். வந்திடுவாள்."

"ஓம் தம்பி" என்றார் அக்கா. "ஓம், ஓம்."